பக்கத்து இருக்கைக்குத் தனிக் கட்டணம்

டிக்கெட் மலிவு என்று சொன்னவர் என் கணவர். அவர் பொய் சொல்லவில்லை. டிக்கெட் மலிவுதான். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறவும், உட்காரவும், கையில் ஒரு பை எடுத்துப் போகவும் ஆசைப்பட்டால்தான் விலை ஏறுகிறது. இப்படி ஆசை எதுவும் இல்லாத மனிதர்கள் எங்கேயோ இருக்கிறார்கள் போலிருக்கிறது. விளம்பரத்தில் போட்ட விலை அவர்களுக்கானது.

அவருக்கு வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. மகளுக்கு நாலு வயது ஆன பிறகுதான் எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நாள் அங்கே கூட்டி வைத்துக்கொள்ள விசா அமைந்தது. அவர் அங்கிருந்து தன் கணினித் திரையைக் காட்ட, நான் கேரள எல்லையோரம் பாறசாலை வீட்டு அடுக்களையில் நின்று செல்போனில் பார்க்க, இருவருமாகச் சேர்ந்து டிக்கெட் எடுத்தோம். விமான நிறுவனம் மிகுந்த அன்போடு கேள்வி கேட்டது. சாப்பாடு வேண்டுமா? பெட்டி உண்டா? மற்றவர்களுக்கு முன்னால் ஏற விருப்பமா? இறங்கியதும் உங்கள் பெட்டி முதலில் வர வேண்டுமா? வேண்டாம் என்று அழுத்தினால் அது நம்புவதில்லை. நிச்சயமாக வேண்டாமா, பிறகு வருத்தப்பட மாட்டீர்களே என்று இன்னொரு தடவை கேட்டது. கல்யாணப் பந்தியில்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது. பந்தியில் இலையில் விழுந்ததற்குக் காசு கேட்க மாட்டார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

கடைசியாக இருக்கைகளின் படம் வந்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு விலை. ஜன்னலுக்கு ஒன்று, நடைபாதை ஓரத்துக்கு ஒன்று, காலை நீட்ட ஒன்று. எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அவர்களாகவே ஏதோ ஒன்றை இலவசமாகத் தருவார்களாம்.

"நானும் பிள்ளையும் அடுத்தடுத்து இருக்கணும். ரெண்டு சீட்டு எடுத்துருங்க," என்றேன்.

"நாலு வயசுப் பிள்ளைய தாய்க்கிட்ட இருந்து பிரிச்சு இருத்துவானா? அவனும் ஒரு தாய் பெத்தவன்தானே. இது சும்மா காசு பிடுங்கதுக்குள்ள வேலையாக்கும். விடு," என்றார் அவர்.

விட்டேன். எனக்கு அந்த இருக்கை வேண்டியிருந்தது, ஆனாலும் விட்டேன். ஒரு விஷயத்தில் எனக்கு உறுதி இருக்கும்போது எதிரில் உள்ளவரும் உறுதியாகப் பேசினால், என் உறுதி மரியாதையோடு எழுந்து அவருக்கு இடம் கொடுத்துவிடும்.

அந்த இருக்கை ஏன் வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இரண்டு வயதில் ஒரு காய்ச்சலின்போது ஜன்னி வந்தது. மடியில் கிடந்தவள் திடீரென்று கண் செருகி, கை கால் வெட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு வில்லாக வளைந்தாள். ஆட்டோவில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் பிள்ளை சரியாகிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: இது சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான், ஆறு வயது வரை மறுபடியும் வந்தாலும் வரலாம், காய்ச்சல் தொடங்கும்போதே மருந்து கொடுத்துவிடுங்கள், வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பயப்பட வேண்டாம், ஆனால் கவனமாக இருங்கள். பயப்படாமல் கவனமாக இருப்பது எப்படி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றிலிருந்து என் வலது கை அவள் நெற்றியை விட்டு அதிக தூரம் போனதில்லை. கடலுக்கு மேலே, ஆட்டோ கிடைக்காத உயரத்தில், அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் அவள் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போது விமான நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. இயக்கக் காரணங்களால் வியாழக்கிழமை விமானம் வெள்ளிக்கிழமை புறப்படுமாம். நாங்கள் தேதியை மாற்றினால் அதற்குக் கட்டணம். அவர்கள் மாற்றினால் அதற்குக் காரணம்.

வியாழக்கிழமை என்பது மாமி, அதாவது என் கணவரின் அம்மா, பஞ்சாங்கம் பார்த்துக் கொடுத்த நாள். மாமி கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் விதிப்படி, கையெழுத்து சரிபார்த்துத்தான் செய்வார். நாள் நட்சத்திரத்தையும் அப்படித்தான். செய்தியைக் காட்டியதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காலண்டர் முன்னால் போய் நின்றார்.

"வெள்ளிக்கிழமை பிள்ளைக்குச் சந்திராஷ்டமம். கூடவே வீட்ட விட்டு எறங்குத நேரம் ராகுகாலம். ஒண்ணு இருந்தாலே போகப்படாது. இவன் ரெண்டும் சேத்து தந்திருக்கான்."

அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேறு தேதி கேட்டுப் பார்த்தோம். அடுத்த இடம் ஒரு வாரம் கழித்துத்தான் இருந்தது. அதற்குள் எங்களுக்காக என் கணவர் எடுத்திருந்த விடுப்பு தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமையே போக வேண்டும் என்று ஆனபோது, மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அப்போ பரஸ்தானம் வைப்போம்."

நல்ல நேரத்தில் ஆள் புறப்பட முடியாதபோது, ஆளுக்குப் பதிலாக ஆளின் சாமானைப் புறப்பட வைப்பதுதான் பரஸ்தானம். போகிற வழியில் வேண்டப்பட்ட ஒருவர் வீட்டில் முன்கூட்டியே ஒரு பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், கணக்குப்படி நாம் அப்போதே கிளம்பியாயிற்று. பிறகு எந்தக் கெட்ட நேரத்திலும் போய் அதை எடுத்துக்கொண்டு மேலே நடக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, போன பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. விமான நிறுவனத்தின் நிபந்தனைகளைப் படித்த பிறகு இது எனக்கு மிகவும் நியாயமானதாகவே பட்டது. நாத்தனார் வீடு திருப்புறத்தில், புதிய பைபாஸுக்குப் பக்கம். விமான நிலையத்துக்குப் போகிற வழிதான். மகளின் கைப்பையை வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் அங்கே அனுப்புவது என்று முடிவாயிற்று.

அத்தோடு நின்றிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. அன்று சாயங்காலம் கணவர் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அம்மாவுக்குப் புதுக்கால அறிவைப் புகட்ட முனைந்தார்.

"அம்மா, இந்தப் பையும் சஞ்சியும் தூக்கி அலையாண்டாம். இப்போ வெப் செக்-இன்னு ஒண்ணு உண்டு. போன்ல அமுக்கினா போர்டிங் பாஸ் வந்திரும். அது வந்தாச்சுன்னா யாத்திரை தொடங்கினதாக்கும் கணக்கு."

மாமி போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வங்கியில் சந்தேகமான காசோலையையும் இப்படித்தான் திருப்பிப் பார்த்திருப்பார்.

"அப்போ அதும் புறப்பாடுதானா?"

"பின்னே! புறப்பாடுதான்."

"அப்படீன்னா அதையும் நல்ல நேரத்துலதான் செய்யணும். மொதல்ல பை எறங்கட்டு. பை எறங்கதுக்கு முந்தி அதை ஒருத்தரும் தொடப்படாது. மக்கா, கேட்டியா?"

மக்கா என்றது என்னை. கேட்டேன் என்றேன். போனின் அந்தப் பக்கத்தில் கணவர் அதற்குள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். வாதத்தில் தோற்ற சத்தம்கூட அவரிடமிருந்து வரவில்லை. ஜெயித்ததாக நினைத்திருக்கலாம்.

வெப் செக்-இன் புதன்கிழமையே திறந்துவிட்டது. இலவச இருக்கைகள் முதலில் வருபவர்களுக்கு முதலில் என்று அந்த நிறுவனத்தின் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் வேதியியலில் முதுகலை படித்தவள். முதலில் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு மாலை முழுதும் வீட்டைச் சுற்றி நடந்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாக அழுத்திவிடலாம் என்றும் தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அழுத்திவிட்டு, நாளை மறுநாள் கடலுக்கு மேலே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? சந்திராஷ்டமத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அதை மீறிய பிறகு ஏதாவது நடந்தால் யாரைக் குற்றம் சொல்வேன் என்பதில் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு. அந்தக் கட்டணத்தை எந்த நிறுவனமும் என்னிடம் வசூலிக்க வேண்டியதில்லை. நானே வட்டியோடு கட்டுவேன். அழுத்தவில்லை.

வியாழக்கிழமை காலையில் மாமா ஸ்கூட்டரைத் துடைத்து நிறுத்தினார். மகளின் பையைக் காலடியில் வைத்து, அதன் தலையில் தட்டினார்.

"எலே, பிடிச்சு இரி. நீ போயாச்சுன்னா நாங்க எல்லாரும் போனதாக்கும்."

மகள் கைதட்டிச் சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை. திருப்புறத்திலிருந்து மாமாவின் போன் வரும் வரை மாமி காலண்டருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். "எறங்கியாச்சு" என்று மாமா சொன்ன அடுத்த நொடி நான் அழுத்தினேன்.

மகளுக்கு ஆறாம் வரிசை. எனக்குப் பதினெட்டாம் வரிசை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் காத்திருந்த நேரத்தில் ஊரே உட்கார்ந்துவிட்டது. சேர்ந்தாற்போல் இரண்டு காலி இடங்கள் அவசர வழிக் கதவை ஒட்டி இருந்தன. அங்கே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. இன்னொரு ஜோடி முன் வரிசைகளில் இருந்தது. அதன் விலையைப் பார்த்தால் இருக்கையோடு விமானத்தின் ஒரு பாகமும் எழுதித் தருவார்கள் போலிருந்தது. வாங்கிவிடலாமா? கணவரைக் கேட்காமல் இவ்வளவு பணம்? கூப்பிட்டேன். அவர் வேலையில் இருந்தார். மறுபடியும் கூப்பிட்டேன். கிடைத்ததும், "யோசிச்சுட்டா நிக்குத? எடு, எடு" என்றார். எடுக்கப் போனால், நீங்கள் நீண்ட நேரம் செயல்படாததால் வெளியேற்றப்பட்டீர்கள் என்றது திரை. நான் வாழ்க்கையில் அவ்வளவு பதற்றமாகச் செயல்பட்டதே இல்லை. மறுபடி உள்ளே நுழைந்தபோது அந்த ஜோடியில் ஒன்று போயிருந்தது.

உதவிக்கு ஒரு அரட்டைப் பெட்டி இருந்தது. என் நான்கு வயது மகள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதினேன். உங்கள் கவலை புரிகிறது என்று சொல்லி, செல்லப் பிராணிகளை எடுத்துச் செல்வதற்கான விதிகளை அனுப்பியது.

"என்னாச்சு?" என்றார் மாமி.

"சீட்டு வேற வேற எடத்துல கெடச்சிருக்கு மாமி."

"நல்ல நேரத்துல கெடச்சுதுல்லா. அது போதும்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மகள் இரண்டு முறை தும்மினாள். நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. ஆனால் என் கை சூடாக இருந்தால் அவள் நெற்றி குளிர்ந்ததாகத்தானே தெரியும்? கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பிறகு நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினால் எண் காட்டும் வெப்பமானியை எடுத்தேன். ஒன்றுமில்லை என்றது. அதையும் மருந்தையும் என் தோள்பையில் வைத்துக்கொண்டேன். பரஸ்தானத்துக்குப் போன பையில் வைக்கவில்லை என்பதில் மட்டும் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ராகுகாலத்தில், கணக்குப்படி நேற்றே கிளம்பிவிட்ட நாங்கள், மாமாவோடு வாடகைக் காரில் கிளம்பினோம். திருப்புறத்தில் நாத்தனார் பையோடு வாசலில் நின்றார். பை நேற்றைவிட உடம்பு வைத்திருந்தது.

"என்னக்கா இது?"

"ஒண்ணும் இல்லட்டி. தம்பிக்குக் கொஞ்சம் சக்கவரட்டியும் ரெண்டு பொட்டலம் சிப்ஸும். நீ ஒண்ணும் சொமக்காண்டாம். ஒரு ராத்திரி எங்க வீட்ல தங்கினதுல்லா, வெறும் வயித்தோட விட முடியுமா?"

பையைப் பற்றித்தான் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். சரி என்று சொல்வதற்குக் கட்டணம் இருந்திருந்தால் நான் என்றோ கடனாளியாகியிருப்பேன்.

விமான நிலையத்தில் கைப்பையை எடை போட்டார்கள். அந்த நிறுவனத்தின் எடை இயந்திரம் அதன் மற்ற எல்லாச் சேவைகளையும்விடத் துல்லியமாக வேலை செய்தது. சிப்ஸை எடுங்கள், பலாச்சுளையை வெல்லத்தில் கிண்டிய சக்கவரட்டி பசை மாதிரி இருப்பதால் கைப்பையில் போகவே போகாது, இல்லையென்றால் இன்ன தொகை கட்டுங்கள் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். காகிதத்தில் போர்டிங் பாஸ் அச்சடித்துத் தரவும் ஒரு தொகை உண்டாம். அவள் குற்றமில்லை. சின்னப் பெண், குரலும் இனிமையாகவே இருந்தது. அந்த விலைகளை எல்லாம் சொல்வதற்கு இனிமையான குரல் அவசியம்தான்.

"என் பொண்ணுக்கு நாலு வயசு. ஆறாவது வரிசையில தனியா போட்டிருக்காங்க. பிள்ளைகளை அப்பா அம்மா பக்கத்துலதான் உட்கார வைக்கணும்னு விதி உண்டுன்னு எங்கேயோ படிச்சேன்."

"உண்டு மேம்," என்றாள் பெருமையாக. "ஆனா ஃப்ளைட் ஃபுல். உள்ளே போய்ச் சொல்லுங்க, அட்ஜஸ்ட் பண்ணித் தருவாங்க."

பொட்டலங்களைக் கொண்டுபோய், வாசலில் காவலரைக் கெஞ்சி, வெளியே நின்ற மாமாவிடம் நீட்டினேன். மாமா வாங்கிப் பார்த்தார்.

"இதை இனி வீட்டுக்குக் கொண்டு போகப்படாது கேட்டியா. பரஸ்தானம் வச்ச சாமானாக்கும். திரும்பி வந்தா உங்க மாமி சம்மதிக்க மாட்டா."

மிகுந்த வருத்தத்தோடு அங்கேயே கார் டிரைவரைக் கூப்பிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது வருத்தம் பாதி தீர்ந்திருந்தது.

விமானத்துக்குள் அட்ஜஸ்ட் செய்து தருவதற்கு யாரும் காத்திருக்கவில்லை. பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு வந்தது. பணிப்பெண்ணிடம் சொன்னேன். முதலில் உட்காருங்கள் மேடம், விமானம் கிளம்பிய பிறகு பார்ப்போம் என்றாள். ஆறாம் வரிசையில் ஜன்னலோரம் ஒரு வயதான அம்மா போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு அப்போதே தூங்கத் தொடங்கியிருந்தார். நடைபாதை ஓரத்தில் ஒரு நடுவயதுக்காரர். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த காலி இடம் என் மகளுடையது.

அவளை உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டு அவரிடம் கேட்டேன். "அண்ணா, நீங்க என்னோட சீட்டுக்கு மாறிக்கிடுவீங்களா? பதினெட்டாவது வரிசை. நடு சீட்டு."

அவர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார். "பாறசாலைக்காரியா?"

"ஆமா."

"நான் பெருங்கடவிளை." பக்கத்து ஊர் என்ற இந்த உறவு எங்கள் இருவருக்கும் இதமாக இருந்தது. அவர் தொடர்ந்தார். "சேச்சி வருத்தப்படாண்டாம். லீவு முடிஞ்சு போறேன். எறங்கினதும் டூட்டி. முட்டு வேற மடங்காது. அதனாலயாக்கும் தனியா காசு கட்டி இந்த ஓரத்துச் சீட்டு எடுத்தேன். நடுவில இருந்தா நான் செத்தேன். பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீங்க தைரியமா போங்க."

அவர் காசு கட்டியிருந்தார். நான் கட்டவில்லை. ஒரு தாய் தன் பிள்ளை பக்கத்தில் உட்காருவதற்கு உரிமை உண்டு என்று நான் இதுவரை நினைத்திருந்தேன். அது உரிமை இல்லை, கூடுதல் வசதி. அவர் அதை உரிய காலத்தில் வாங்கியிருந்தார். மகளுக்கு இதில் எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. முன் இருக்கையின் மேசையைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

பதினெட்டாம் வரிசையிலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரிந்தன. நான்கு வயதுத் தலை இருக்கை உயரத்துக்கு எட்டாது. விமானம் மேலே ஏறியது. எல்லோரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்கள். நான் ஆறாம் வரிசை இருக்கையின் முதுகைப் பார்த்தேன். தும்மல் சத்தம் கேட்டது போலிருந்தது. அவளா, வேறு யாராவதா?

பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து ஓடினேன். நடுவழியில் பணிப்பெண்ணின் வண்டி நின்றது. சாப்பாட்டு வியாபாரம் தொடங்கிவிட்டது. வண்டிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு பூனை போகலாம்.

"மேடம், உங்கள் இருக்கைக்குப் போங்கள்."

"முன்னால ரெண்டு சீட்டு காலியா கெடக்கே. நானும் பொண்ணும் அங்க உட்காரட்டுமா?" பார்த்துவிட்டுத்தான் கேட்டேன், யாரோ வராமல் போயிருந்தார்கள்.

"அது பிரீமியம் இருக்கை மேடம். அப்கிரேட் செய்ய வேண்டும்."

"செய்யுறேன். கார்டு இருக்கு."

"கார்டு மெஷின் இன்று வேலை செய்யவில்லை. மன்னிக்கவும்."

பணம் கட்டத் தயாராக இருக்கும் ஒருத்தியை முதன்முறையாக அவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த இரண்டு இருக்கைகளும் யாரும் உட்காராமல், தங்கள் கௌரவம் குறையாமல், கடல் தாண்டின. குழந்தைக்குப் பால் கலக்கச் சுடுதண்ணீராவது தாருங்கள் என்றேன். சுடுதண்ணீர் தனியாக இல்லையாம். கப் நூடுல்ஸ் வாங்கினால் அதில் ஊற்றித் தருவார்களாம்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தோள்பைக்குள் கையை விட்டபோது வெப்பமானி தட்டுப்பட்டது. நான் வண்டியைத் தாண்ட முடியாது. வெப்பமானி தாண்டலாம் அல்லவா? முன் வரிசையில் இருந்த இளைஞனின் தோளைத் தொட்டேன்.

"தம்பி, இதை ஆறாவது வரிசைக்குக் குடுத்து விடுவீங்களா? என் பொண்ணு அங்க இருக்கா. நெத்தியில காட்டி அமுக்கி, எவ்வளவுன்னு சொல்லச் சொல்லுங்க. அவளுக்கு ஜன்னி வந்த உடம்பு."

கடைசி வார்த்தை வேலை செய்தது. எங்கள் பக்கத்து ஆள்களுக்கு ஜன்னி என்றால் விளக்கம் வேண்டாம். வெப்பமானி கைமாறி, வரிசை வரிசையாக முன்னால் போயிற்று. ஒவ்வொரு வரிசையிலும் விஷயமும் கூடவே போயிற்று. போகிற வழியில் பன்னிரண்டாம் வரிசையில் ஒருவர் முதலில் தன் நெற்றியில் அடித்துப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு நார்மலாக்கும்," என்று அறிவித்தார்.

"ஓய், உம்ம யாரு கேட்டா? பிள்ளைக்குக் குடும்," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

சற்று நேரத்தில் ஆறாம் வரிசையிலிருந்து பெருங்கடவிளைக்காரரின் குரல் புறப்பட்டது. அது பத்தாம் வரிசையில் ஒருவர் வாய் வழியாக, பதினைந்தாம் வரிசையில் மலையாளமாகி, என்னிடம் மறுபடியும் தமிழாக வந்து சேர்ந்தது. சூடு இல்லை. தொண்ணூற்றெட்டு.

எனக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரம்தான் இருந்தது. தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஏதாவதா? இத்தனை வாய் கடந்து வந்த எண்ணை எப்படி நம்புவது? காய்ச்சல் தொடங்குவது இப்படித்தானே, கொஞ்சம் கொஞ்சமாக? பொறுத்துப் பார்த்துவிட்டு இளைஞனின் தோளை மறுபடியும் தொட்டேன். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது; களைப்பும் இருந்தது. கேள்வி போயிற்று. பதில் வந்தது. மூன்றாவது தடவை போனபோது அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. என் மகள் வெப்பமானியைக் கைப்பற்றிவிட்டாள். ஆறாம் வரிசையில் ஆரம்பித்து அக்கம்பக்கத்தில் எல்லோருடைய நெற்றியையும் பார்த்து முடிவு சொல்லிக்கொண்டிருந்தாளாம். பணிப்பெண் வந்து, பயணிகள் பொருள்களைக் கைமாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குக் கட்டணம் இன்னும் நிர்ணயிக்கவில்லை போலும்.

ஐந்தாவது தடவையோ என்னவோ, என் கேள்விக்குப் பதிலாக ஆளே வந்தார். பெருங்கடவிளைக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடைபாதை வழியே வந்து என் வரிசையில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"சேச்சி, எழும்புங்க. நீங்க அங்க போங்க, நான் இங்க இருக்கேன்."

"உங்க முட்டு..."

"முட்டு போனா போகட்டு. கண் மூடினா, மாமா சூடு பாக்கணும்னு உங்க பிள்ளை எழுப்புது. அது விட்டா பின்னால இருந்து சேச்சி ஆள் விடுதிய. நான் ஒறங்கக் காசு கட்டினவனாக்கும், நர்ஸ் வேலை பாக்கதுக்கு இல்ல."

"அண்ணா, நீங்க சீட்டுக்குக் கட்டின காசை நான்..."

"அந்தச் சீட்டுல ஒறங்கியிருந்தா வாங்கியிருப்பேன். போங்க, போங்க."

என் நடு இருக்கையில், இரண்டு பேருக்கு நடுவே, காலை மடக்கிச் செருகிக்கொண்டு கண்ணை மூடினார். நான் வண்டி வருவதற்குள் ஓடி ஆறாம் வரிசையில் உட்கார்ந்தேன். ஓரத்து இருக்கை உண்மையிலேயே விசாலமாக இருந்தது. அவர் காசு வீண்போகவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்த மாமா எங்க?"

"பின்னால போயிட்டாங்க மக்கா. இனி அம்மா இருக்கேன்லா."

அவள் உதடு பிதுங்கியது. "அது மாமாவுக்க சீட்டு. நீ பின்னால போ. மாமாவ வரச் சொல்லு."

"மக்கா..."

"போ!"

அழுதாள். திருப்புறம் வரை கேட்கும்படி அழுதாள். போர்வைக்குள்ளிருந்த அம்மா முகத்தை வெளியே நீட்டி, தாய் வந்த பிறகா இப்படி என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அழுகையில் அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. அழுது அழுது உடம்பு சூடேறி விடுமோ? பதினெட்டிலேயே இருந்திருக்கலாமோ? நெற்றியில் கை வைத்தேன். தட்டிவிட்டாள். மறுபடியும் வைத்தேன்.